நாம் வராமல் போன சென்னை

கேள்வி இது: "நியாண்டர்தால் மனிதர்கள் ஜெயித்து, நம் இனம் அழிந்துபோன ஓர் இணை உலகத்தை வைத்து அறிவியல் புனைகதை எழுதுகிறேன். கதை நடக்கும் இடம் சென்னை. அந்த உலகத்துச் சென்னை எப்படி இருக்கும்? படிக்கிறவர்கள் நம்பும்படி எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?" கேட்டவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாராம்.

தம்பி, முதல் வேலையாக உங்கள் கதையிலிருந்து நியாண்டர்தாலை அனுப்பிவிடுங்கள்.

கோபப்படாதீர்கள், காரணம் சொல்கிறேன். நியாண்டர்தால் என்பது நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்துக்கு நெருங்கிய, அழிந்துபோன இன்னொரு மனித இனம். அவர்களுடைய எலும்புகள் ஐரோப்பாவில் கிடைத்திருக்கின்றன, மேற்கு ஆசியாவில் கிடைத்திருக்கின்றன, கிழக்கே சைபீரியாவின் அல்தாய் மலை வரை கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் ஒரு பல்கூடக் கிடைத்ததில்லை. பீப்பாய் மாதிரி மார்புக்கூடு, குட்டையான முன்கை, குட்டையான கெண்டைக்கால், கனத்த உடம்பு. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றுகிற அமைப்பு என்பார்கள். இஸ்ரேல் பக்கத்துக் குகைகளிலும் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால் வெயிலே ஆகாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் கத்திப்பாராவில் நிற்கிற நியாண்டர்தாலை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும். இரவல் ஆள் எதற்கு என்பதுதான் என் கேள்வி. நம் ஊருக்கென்றே முகம் தெரியாத ஓர் ஆள் இருக்கிறார்.

நான் முப்பது வருஷம் கல்லூரியில் நிலவியல் நடத்தியவன். குடியிருப்பு பல்லாவரம். இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, ராணுவத் திடலை ஒட்டிய சரளைக் குழியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய கல் என்று அவருக்குப் புரிந்தது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை உலகம் அறிந்தது அந்தக் கல்லால்தான். அதே வருஷம் செப்டம்பர் 28-ல் ஃபுட்டும் அவருடைய சக அதிகாரி வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் என்ற ஊரில் குவியல் குவியலாகக் கற்கருவிகளைப் பார்த்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. அந்த வில்லியம் கிங்கின் அப்பா பெயரும் வில்லியம் கிங். அயர்லாந்தின் கால்வே கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856-ல் கிடைத்த எலும்புகள் நம் இனத்தைச் சேர்ந்தவை அல்ல, இது வேறொரு மனித இனம் என்று சொல்லி 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். மாநாட்டில் அதை முன்வைத்தது 1863, அச்சேறியது 1864. அதாவது ஒரே ஆண்டில், அப்பா அங்கே எலும்பை வைத்து இன்னொரு மனிதனுக்குப் பெயர் சூட்டுகிறார். மகனுக்கு இங்கே அந்த மாதிரி ஒருவனின் கைவேலை மட்டும் கிடைக்கிறது, ஆளைக் காணோம். இன்றுவரைக்கும் காணோம். கதைக்காரராக இருந்துகொண்டு இதை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போவீர்களா?

அத்திரம்பாக்கத்தின் கணக்கைச் சொல்கிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் அங்கே தோண்டினார்கள். 2011-ல் வெளியிட்ட முடிவுப்படி, அடி அடுக்கில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். 2018-ல் இரண்டாவது முடிவு: பெரிய கைக்கோடரிகள் குறைந்து, மையக்கல்லை முன்கூட்டியே வடிவமைத்து அதிலிருந்து மெல்லிய சில்லுகளை எடுக்கிற புது முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது, 1,72,000 ஆண்டு வாக்கில்கூட அங்கே ஆட்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் என்று இப்போது சொல்லப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றுக்கே வயது சுமார் 3 லட்சம்தான். ஆக, திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் புது முறையைக் கொண்டுவந்தவர் அநேகமாக நாம் இல்லை. யார்? விலங்குகளின் பற்கள் சில கிடைத்தன, குளம்படித் தடங்கள் கிடைத்தன, மனித எலும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை.

கற்கருவியின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதைக்கு இதுவே ஒரு நல்ல படிமம். கல்லின் வயது நமக்குத் தேவையில்லை, கல் எப்போதோ பிறந்தது. அதை மூடிய மணலின் வயதுதான் தேவை. மணல் துகள் வெயிலில் கிடக்கும்வரை அதன் கணக்கு பூஜ்யம். மண்ணுக்குள் புதைந்தபிறகு, சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு அதன் படிகத்துக்குள் துளித்துளியாக ஆற்றலைச் சேமித்துவைக்கிறது, உண்டியலில் காசு விழுகிற மாதிரி. ஆய்வுக்கூடத்தில் அந்தத் துகளைத் தூண்டினால் சேமித்ததையெல்லாம் ஒளியாகக் கொட்டிவிடும். எவ்வளவு ஒளி என்று அளந்தால் எவ்வளவு காலம் இருட்டில் இருந்தது என்று தெரிந்துவிடும். அதனால்தான் மாதிரியை எடுக்கும்போது குழியின் சுவரில் குழாயை அறைந்து, வெளிச்சம் படாமல் கறுப்பு உறையில் சுற்றி எடுத்துப் போகிறார்கள். வெயில் பட்டால் உண்டியல் காலியாகத் தொடங்கிவிடும். அவர்கள் அந்த மணலிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீ கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது? (15 லட்சம் ஆண்டுக் கணக்குக்கு இந்த முறை எட்டாது, அதற்கு விண்வெளிக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அணுக்களையும், மண்ணில் பதிந்த பூமிக் காந்தத்தின் திசையையும் பார்த்தார்கள்.)

தொண்ணூறுகளில் ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சீமைக்கருவேலம் மண்டிய ஓடைக்கரை. சிவந்த மண்ணில் பாதி புதைந்து ஒரு கைக்கோடரி. குனிந்து எடுத்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, குவார்ட்சைட் என்ற கெட்டியான கல், தேங்காய் எண்ணெய் தடவிய மாதிரி வழுவழுப்பு, நுனியில் துருச் சிவப்பு. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த தழும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வலது கையில் பிடித்தால் ஒரு பக்கம் எலும்பில் இடித்தது. இடது கைக்கு மாற்றியதும் கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பசங்கள் ஒவ்வொருவராக வாங்கி மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா சிரித்தார். "இத்தப் போயி இம்மாம் நேரம் பாக்கறீங்க? எங்க கொல்லில ஏர் ஓட்டுனா கல்லுதான் மொளைக்கும்!" கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

சரி, ஆள் யார்? உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில், ஹத்னோரா என்ற ஊரில், 1982 டிசம்பரில் அருண் சோனகியா ஒரு மண்டையோட்டின் வலப்பாதியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கிடைத்த பழைய மனித இனம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அது. ஹோமோ எரக்டஸ் என்ற மிகப் பழைய மனித இனம் என்றார்கள், பிறகு இல்லை இல்லை கொஞ்சம் பிந்தியது என்றார்கள், சண்டை தீரவில்லை. இரண்டாவது வழி டெனிசோவன்கள். சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் மரபணுவை வைத்து 2010-ல் இப்படியோர் இனம் இருந்தது என்று அறிவித்தார்கள். எலும்பைவிட மரபணுவால் நமக்கு அதிகம் தெரிந்தவர்கள் இவர்கள். திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கு மேலே ஒரு தாடை, 2022-ல் லாவோஸின் வெப்பக் காட்டுக் குகையில் அவர்களுடையதாகக் கருதப்படும் ஒரு சிறுமியின் கடைவாய்ப்பல். பனியிலும் இருந்திருக்கிறார்கள், புழுக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். சென்னைக்குச் சரிப்பட்டு வரக்கூடிய ஆட்கள். மூன்றாவது வழி, யாரென்றே சொல்லாமல் விடுவது. நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன். எலும்பு கிடைக்காத ஆளுக்கு நீங்கள் எந்த முகம் கொடுத்தாலும் எந்த ஆய்வாளரும் உங்கள் சட்டையைப் பிடிக்க முடியாது.

இப்போது 'ஜெயித்து', 'அழிந்து' என்ற உங்கள் சொற்களுக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலான கதைகள் சொதப்புகின்றன. அவர்கள் ஜெயிக்க வேண்டுமென்றால் ஒரு யுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் எரிமலையாவது வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடனே சுமத்ராவின் தோபா எரிமலையைக் கூப்பிடுவார்கள். 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது, அதன் சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் அடுக்காகக் கிடக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் அதே ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவி இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. ஊரே காலியாகிவிடவில்லை.

தேவைப்படுவது அதைவிட மிகச் சின்ன மாற்றம். நம் இனம் ஆப்பிரிக்காவை விட்டு ஒரே தடவை கிளம்பி உலகத்தைப் பிடித்துவிடவில்லை. இஸ்ரேலில் மிஸ்லியா குகைத் தாடைக்கு வயது சுமார் 1,80,000. அதே நாட்டில் ஸ்குல், கஃப்சே குகைகளில் 1,20,000 முதல் 90,000 ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு? காணோம். 60,000 ஆண்டு வாக்கில் அதே வட்டாரத்தில், கெபாரா குகையில், படுத்திருப்பவர் ஒரு நியாண்டர்தால். நாம் காலி செய்த வீட்டில் அவர்கள் குடிவந்துவிட்டார்கள்! நாம் கிளம்பினோம், தோற்றோம், திரும்பினோம் அல்லது செத்தோம். அப்புறம் 60,000-50,000 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒரு கூட்டம்தான் நிலைத்தது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிற கிட்டத்தட்ட எல்லோரும் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள்.

உங்கள் உலகத்தில் அந்தக் கடைசிக் கூட்டமும் தோற்கட்டும். அவ்வளவுதான். ஒரு கோடையில் மழை பொய்த்தது, ஒரு கிணறு வற்றியது, முந்நூறு பேர் திரும்பிப் போனார்கள். நாம் அழியவும் இல்லை. ஆப்பிரிக்காவில் சௌக்கியமாக இருக்கிறோம். இங்கே வரவில்லை, அவ்வளவே. சென்னையில் ஏற்கெனவே இருந்தவர்கள் இருந்தபடி இருக்கிறார்கள். எனக்கென்னவோ யுத்தத்தைவிட இதுதான் அதிகமாகக் கிலி பிடிக்க வைக்கிறது.

அடுத்த சிக்கல்: அவர்களுக்கு எவ்வளவு 'நாகரிகம்' கொடுப்பது? என்னிடம் கதை காட்டியவர்களில் பாதிப் பேர் பறக்கும் ரயிலில் புருவமேடு துருத்திய ஒருவரை உட்காரவைத்துவிடுவார்கள். மீதிப் பேர் தோலைக் கட்டி, தடியைக் கையில் கொடுத்து உறுமவிடுவார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். யோசியுங்கள்: நம் இனம் பிறந்து 3 லட்சம் ஆண்டுகள். அதில் 2,90,000 ஆண்டுகள் நாமும் விவசாயம் செய்யவில்லை, ஊர் கட்டவில்லை. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்து, தட்பவெப்பம் ஓரளவு ஒரே சீராக ஆனது. ஹோலோசீன் என்று அதற்குப் பெயர். அதற்கப்புறம்தான் மேற்கு ஆசியா, சீனா, மெக்சிகோ என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் மனிதர்கள் விதைக்கத் தொடங்கினார்கள். நியாண்டர்தால்கள் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களால் முடியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? பரீட்சை வைக்கும் முன்பே போய்விட்டவர்களை ஃபெயில் என்று போடுவது மாதிரி அது. உங்கள் கதையில் அவர்களுக்கு ஹோலோசீனைக் கொடுத்துப் பாருங்கள்.

கொடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள், ஆள் எண்ணிக்கை. நியாண்டர்தால் மரபணுக்களில் பன்மை மிகக் குறைவு. சின்னச் சின்னக் கூட்டங்கள், அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லாததால் நெருங்கிய உறவுக்குள்ளேயே பிள்ளைகள். அல்தாயில் கிடைத்த ஒரு பெண்ணின் பெற்றோர், ஒரு தாய் அல்லது ஒரு தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் அளவுக்கு நெருக்கமானவர்கள். மூளை அளவில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் ஒருத்தி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இருபது பேர்தான். அந்த இருபது பேரும் ஒரு காய்ச்சலில் போனால் கண்டுபிடிப்பும் போச்சு. கதையில் அவர்களுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பயம் இதுவாக இருக்கலாம். புலிப் பயத்தைவிட, தெரிந்தது மறந்துபோகும் என்ற பயம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த உலகத்துச் சென்னை எனக்கு இப்படித் தெரிகிறது. தலைநகரம் கடற்கரையில் இல்லை. ஜார்ஜ் கோட்டை கட்ட யாரும் கப்பலில் வரவில்லை, ஏனென்றால் வர வேண்டியவர்கள் பிறக்கவேயில்லை. பெரிய இடம் அத்திரம்பாக்கம். லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆட்கள் திரும்பத் திரும்ப வந்த இடம் அது. நல்ல கல், தண்ணீர், பக்கத்திலேயே குடியம் குகைகள். சிதறிக் கிடக்கும் கூட்டங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கலைகிற இடம். அந்த உலகத்தில் சென்னை, அத்திரம்பாக்கத்தின் புறநகர். எண்ணூர்க் கழிமுகத்தில் நாலைந்து உப்புக் குடிசை, கொசஸ்தலை வழியாக மேலே போகிற உப்பும் கருவாடும் சிப்பியும்.

தெருநாய் கிடையாது, ஓநாயைப் பழக்கி நாயாக்கியது நம் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குக் குரைப்பே இல்லாத சென்னையைக் கற்பனை செய்து பாருங்கள், அதுவே பாதிக் கதை. சீமைக்கருவேலம் கிடையாது, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. பழைய மனித இனங்கள் எதுவும் அமெரிக்காவுக்குப் போனதற்கு உறுதியான தடயமில்லை என்பதால் அங்கே அவற்றைப் பயிராக்க ஆளே இல்லை. காரம் வேண்டுமானால் மிளகுதான். நெருப்புக்கோழி வேண்டுமா? தாராளமாக விடுங்கள். இந்தியாவில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட நெருப்புக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நீர்யானையும் இருந்த நாடு இது. இவை போனதற்கு மழை காரணமா மனிதன் காரணமா என்ற வழக்கில் தீர்ப்பு உங்கள் கையில்.

ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்:

முகத்துவாரத்தில் மணல்திட்டு உடைந்து கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கிழவிக்கு ஒரு கைதான். மற்றது முழங்கைக்கு மேலே நின்றுபோய் முப்பது மழைக்காலம். பெண்பிள்ளை கல்லைத் தொடைமேல் வைத்துத் தட்டினாள். சில்லு தப்பாகப் பெயர்ந்தது. கிழவி ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல் பருமனுக்குக் கீழே இறக்கினாள். மறுபடி தட்டு. இந்தத் தடவை சத்தமே வேறாக இருந்தது. இலை மாதிரி ஒரு சில்லு கழன்று மணலில் விழுந்தது. கிழவி அதை எடுத்து நாக்கில் வைத்துக் கூர் பார்த்தாள். "இது யாருடைய அடி?" என்று கேட்டாள். பெண்பிள்ளை தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். "அவளுக்கு?" அம்மாவின் அம்மா. "அவளுக்கு?" நாற்பத்தோராவது பெயரில் திக்கியது. கிழவி சில்லைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, முதலிலிருந்து சொல் என்றாள்.

ஒற்றைக் கைக் கிழவி என் சரக்கு இல்லை. ஈராக்கில் ஷானிதார் குகையில் ஒரு நியாண்டர்தால் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. வலது கை முழங்கைப் பக்கம் போயிருந்தது, ஒரு கண்ணோரம் நொறுங்கி ஆறியிருந்தது, காதும் கேட்டிருக்காது. அப்படியும் அவர் நாற்பது வயது வாக்கில்தான் இறந்தார். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், அதாவது அவர்களுடைய சோற்றை.

பேச்சு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர்களுக்கு மழலைத் தமிழோ கொச்சைத் தமிழோ வைக்காதீர்கள். கெபாரா ஆளின் நாவடி எலும்பு கிட்டத்தட்ட நம்முடையது போலவே இருக்கிறது. பேச்சோடு தொடர்புபடுத்தப்படும் ஃபாக்ஸ்-பி2 மரபணுவில் நமக்கு மட்டுமே உரியவை என்று முன்பு நினைத்த இரண்டு மாற்றங்களும் நியாண்டர்தால்களுக்கும் உண்டு. என்ன பேசினார்கள் என்பது தெரியாது, ஆனால் உறுமிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. கூன் விழுந்த குரங்கு மனிதன் என்ற படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் 1908-ல் கிடைத்த ஒரு நியாண்டர்தால் கிழவரின் எலும்பை மார்செலின் பூல் என்ற ஆய்வாளர் அப்படி நிறுத்தினார். அந்தக் கிழவருக்கு மூட்டுவாதம் என்று 1957-ல் மறுபரிசோதனை செய்தவர்கள் எழுதினார்கள். மூட்டுவலிக்காரர் ஒருவரால் ஓர் இனமே அரை நூற்றாண்டு குனிந்து நடந்தது.

இதைச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. 'பழைய மனிதனுக்கு' முகம் கொடுக்கும்போது, நம் ஊரில் யாருடைய மூக்கையும் நிறத்தையும் உதட்டையும் இரவல் வாங்குகிறோம் என்று பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபுட் சேகரித்த கற்கருவிகள் இருக்கின்றன. அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை மாகாணத்துச் சாதி சாதியாக ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். அந்த அளவுகளை வைத்து யார் மேல், யார் கீழ் என்று பேசிய காலம். உங்கள் கதையில் இன்னொரு மனித இனம் வந்தால், வாசகர் மனதில் அந்த இடுக்கி தானாக வெளியே வரும். வாசகக் கூட்டமொன்றில் ஒரு கதை கேட்டேன். வேற்றினத்தாரை வர்ணித்த விதம் அப்படியே மலைவாழ் மக்களை வர்ணிக்கிற பழைய வசவு. எழுதிய பையனுக்கு அது தெரியவேயில்லை, அதுதான் கொடுமை.

அந்த உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே கதவு எப்படித் திறக்கிறது என்பதில் நாலு பக்கம் செலவழிக்காதீர்கள். இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957-ல் சொன்ன, உலகம் கிளைகிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது என்கிற பல்லுலக விளக்கத்தின்படி, பிரிந்த உலகங்களுக்கிடையே போக்குவரத்து கிடையாது. ஆகவே கதவு என்பதே பொய். ஒரு பொய்யை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கனடாவின் ராபர்ட் சாயர் 2002-ல் 'ஹோமினிட்ஸ்' நாவலில் நியூட்ரினோ ஆய்வுச் சுரங்கத்தின் வழியாக ஒரு நியாண்டர்தால் இயற்பியலாளரைக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஹியூகோ விருதும் வாங்கிவிட்டார். அதனால் விஞ்ஞானி, ஆய்வுக்கூடம், நியூட்ரினோ மூன்றும் உங்களுக்கு அடைப்பு. நான் சொன்ன மணல் துகளை வேண்டுமானால் யோசித்துப் பாருங்கள்: குழாய்க்குள் வெயிலையே பார்க்காமல் வந்த துகள் ஒன்று, அளந்தால் நேற்றுதான் சூரியனைப் பார்த்தேன் என்கிறது.

இரண்டு பக்கமும் சந்தித்தால் என்ன நடக்கும்? காதல் வரும். தயங்காமல் எழுதுங்கள், விஞ்ஞானம் உங்கள் பக்கம். டெனிசோவா குகையில் கிடைத்த ஓர் எலும்புத் துண்டு, நியாண்டர்தால் அம்மாவுக்கும் டெனிசோவன் அப்பாவுக்கும் பிறந்த ஒரு பெண்ணுடையது என்று 2018-ல் தெரிந்தது. நமக்குள்ளும் அவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் டிஎன்ஏவில் நூற்றுக்கு இரண்டு பங்கு போல நியாண்டர்தாலுடையது. இந்தியாவில் அவர் எலும்பு இல்லை என்று மேலே சொன்னேனே, ரத்தம் இருக்கிறது. 2020-ல் மரபணு ஆய்வாளர்கள் ஸ்வாந்தே பாபோவும் ஹ்யூகோ ஸெபெர்கும், கொரோனா முற்றுவதற்கு வாய்ப்பைக் கூட்டுகிற ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம். 2021 மே மாதம் ஆக்சிஜன் சிலிண்டருக்காக இந்த ஊரில் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வரிசையில் 50,000 ஆண்டுப் பழைய ஓர் உறவுக்காரரும் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், முதல் அத்தியாயத்திலேயே ஒரு தும்மல் வைக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம், இதை வைத்து முழுக்கதையும் எழுதலாம் என்று எனக்கு ஆசை. முகவாய்க்கட்டை, அதாவது கீழ்த்தாடையின் முன்னால் துருத்தும் எலும்பு, நம் இனத்துக்கு மட்டும்தான் உண்டு. நியாண்டர்தாலுக்கு இல்லை, எரக்டஸுக்கு இல்லை. எதற்காக வந்தது என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளும்படியான விளக்கம் கிடையாது. உங்கள் இணை உலகத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் உப்புக் குழி தோண்டுகிற பெண்ணுக்கு ஒரு தாடை கிடைக்கட்டும். வழி தவறி இவ்வளவு தூரம் வந்து செத்துப்போன நம்மவன் ஒருவனுடையது. அவள் அதை அத்திரம்பாக்கத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறாள். அந்தக் கட்டை எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. வியாதி என்கிறார் ஒருவர். அடிபட்டு வளர்ந்த எலும்பு என்கிறார் இன்னொருவர். குழந்தைகள் களிமண்ணை முகவாயில் ஒட்டிக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடுகின்றன.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் திருவள்ளூர் போய், அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து பிடியுங்கள். ஏரிக்கரையில் தொல்லியல் துறையின் சின்ன அகழ்வைப்பகம் இருக்கிறது, கைக்கோடரிகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அத்திரம்பாக்கம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் வண்டி இல்லாமல் சிரமம். பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லைக்கூட எடுத்து வரக்கூடாது. மே மாதத்தில் போகாதீர்கள்.